பையில் போன அரை உருண்டைகள்

நான் வேலை செய்த இனிப்புக்கடையில் இப்போது ருசி பார்ப்பதற்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. செய்தவர் யார், எத்தனை மணிக்கு, ருசி பார்த்தவர் யார் என்று மூன்று கட்டங்கள், கடைசியில் கையெழுத்து. அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு மொரிசியஸ் பெண்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் பிடிக்கிறார்கள். பத்து நாட்கள் முட்டை சாப்பிடமாட்டார்கள், கடை இனிப்பிலோ முட்டைதான் அதிகம். வேலை என்பதால் கையால் தொடலாம் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டாராம். படிவத்தைப் பற்றி ஐயருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தேவாரம் அளவில்தான் உண்டு, ஆகவே இத்தாலிய மொழியில் கேட்டார்கள். சாப்பிடாமல் கையெழுத்துப் போட்டால் பிழையா என்பது கேள்வி. இந்த விஷயத்தில் பலேர்மோவிலேயே என்னைவிட அனுபவசாலி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தேன். அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுத்தவன். பலேர்மோவுக்கு வந்து முதலில் ஒரு வயோதிபரைப் பார்த்துக்கொண்டேன், அவர் இறந்துபோனார். ஒரு மாடிக்கட்டடத்தின் படிகளைக் கழுவினேன், கட்டடத்தை விற்றுவிட்டார்கள். சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கினேன், ஏணியிலிருந்து விழுந்தேன். இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் போன பிறகுதான் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில், சிஞ்ஞோரா கிராசா என்ற பெண்மணியின் இனிப்புக்கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

சிஞ்ஞோரா போர்த்துக்கல்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவர். கப்பலில் வேலை செய்த ஒரு பலேர்மோக்காரரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் ஒருநாள் கப்பலில் போனார், திரும்பி வரவில்லை. கப்பல் மூழ்கவில்லை, அவர் ஜெனோவாவில் நலமாக இருக்கிறார். சிஞ்ஞோரா தன் ஊர் இனிப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். சிசிலிக்காரருக்கு இனிப்பு விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. ஆனாலும் வால்நட்டும் முட்டை மஞ்சளும் சேர்த்து, மேலே சீனிப்பாகு கண்ணாடிபோல் மூடியிருக்கும் அவருடைய உருண்டை இந்த ஊரில் வேறு எவரிடமும் இருக்கவில்லை.

அவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இருக்கிறதா, காலையில் ஐந்து மணிக்கு வர முடியுமா, எல்லாம் சாப்பிடுவாயா. மூன்றுக்கும் ‘சீ’ என்றேன், ஆம் என்பதற்கு இத்தாலியச் சொல். முதல் இரண்டும் உண்மை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்பவரின் முகம் கோணக்கூடாது என்று முதலில் ஓம் சொல்லிவிடுவோம். அந்த ஓமை எப்படிக் காப்பாற்றுவது என்று வீட்டுக்குப் போய்த்தான் யோசிப்போம்.

நான் மீனும் இறைச்சியும் முட்டையும் சாப்பிடுவதில்லை. காரணம் ஒரு நேர்த்திக்கடன். என் மகன் ரஜீவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது சண்டையால் எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. நான் இங்கே இருந்தேன். மனைவி அவனைக் கையில் பிடித்துக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தபோது, ஒரு பாலத்தடியில் கை விடுபட்டுப் போயிற்று. பிள்ளையைக் காணவில்லை என்ற செய்தி எனக்கு வந்து சேர நாலு நாட்கள் ஆயின. நாங்கள் ஐந்து பேர் இருந்த அறையில் அப்போது அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை உயிரோடு வந்து சேர்ந்தால் இனி மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் வாயில் வைக்கமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்தேன். அன்றைய குழம்பை மற்ற நாலு பேரும் சாப்பிட்டார்கள். பதினோராம் நாள் ரஜீவன் ஒரு பள்ளிக்கூடத்தில், யாரோ ஒரு தாயின் பிள்ளைகளோடு வரிசையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.

கடற்கரையில் பிறந்தவன் மீனை விடுவது இலேசு இல்லை. இலேசானதை நேர்ந்தால் அது நேர்த்தியும் இல்லை. இதை நான் எவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குக்கூடச் சைவமாகிவிட்டேன் என்றுதான் சொன்னேன். சொன்னால் பிள்ளை காலம் முழுக்க எனக்குக் கடன்பட்டவன் மாதிரி ஆகிவிடுவான் என்று நினைத்தேன். நாலு வருடம் கழித்து இருவரையும் இங்கே கூப்பிட்டேன். நான் கடைக்குப் போகத் தொடங்கியபோது அவனுக்குப் பதினாலு வயது. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்.

செய்முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது சூடு பார்க்கும் கருவியைச் சட்டிக்குள் விட்டு இலக்கத்தைப் பார்க்கிறார்களாம். முதலில் வால்நட்டை இலேசாக வறுத்து, சூட்டோடு துணியில் கொட்டி, துணியை முடிந்து தேய்க்க வேண்டும். மெல்லிய தோல் கழன்று வரும். அந்தத் தோலில்தான் கசப்பு இருக்கிறது. உடையாத பாதிப் பருப்புகளை மேலே வைப்பதற்கு எடுத்துவிட்டு, மற்றதைக் கொரகொரப்பாக இடித்துக்கொள்வது. சீனியைச் செப்புச் சட்டியில் காய்ச்சி, விரலிடையில் நூல் இழுக்கும் பதத்தில் இறக்குவது. எங்கள் ஊர்ப் பயற்றம் உருண்டைக்கும் அரியதரத்துக்கும் பாகு காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் புதிதாகப் படிக்க ஒன்றும் இருக்கவில்லை.

படிக்க இருந்தது முட்டை. மஞ்சளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி வெள்ளையை வழியவிட வேண்டும். பிறகு மஞ்சளைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, கீழே ஒரு குத்து. மஞ்சள் பாத்திரத்தில் விழும், சவ்வு கையில் நிற்கும். சவ்வு உள்ளே போனால் வெடுக்கு, அதாவது முட்டையின் கவிச்சி, வரும். ஒரு தடவைக்கு அறுபது மஞ்சள். பாகு ஆறிய பிறகு மஞ்சளையும் பருப்பையும் எலுமிச்சைத் தோல் துருவலையும் சேர்த்து, சின்ன நெருப்பில், சட்டியின் அடி தெரியும்வரை ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். மறுநாள் உருட்டி, மேலே பாதிப் பருப்பை அழுத்தி, ஈர்க்கில் குத்திக் கொதிக்கும் பாகில் தோய்த்து, எண்ணெய் பூசிய பளிங்குக் கல்லில் வைப்பது. ஆறியதும் அடியில் வழிந்து நிற்கும் பாகைக் கத்தரிக்கோலால் நறுக்குவது. ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வீசுகிற நாளில் தோய்க்கக்கூடாது, பாகு அழத் தொடங்கிவிடும். செவ்வாயும் வெள்ளியும் உருண்டை தயாராகும் நாட்கள். முருகனுக்கும் அதே நாட்கள்தான்.

சிஞ்ஞோராவுக்கு ஒரு சட்டம் இருந்தது. தயாரான முதல் உருண்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி அவருக்கு, மறு பாதி எனக்கு. இருவரும் சாப்பிட்டுக் கருத்துச் சொன்ன பிறகுதான் பெட்டியில் அடுக்கலாம். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை கிடைத்து மூன்று நாட்கள்கூட ஆகவில்லை. என் பாதியை யன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் உள்ளே பதம் பார்ப்பதுபோலப் பார்த்தேன். முதுகு அவர் பக்கம் இருந்தது. உருண்டை கடதாசிக் கிண்ணத்தோடு ஏப்ரன் பைக்குள் போயிற்று. வாயை அசைத்துக்கொண்டு திரும்பி ‘புவோனோ’ என்றேன். நல்லது என்று அர்த்தம்.

இதைப் பதினெட்டு வருடம் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மச்சத்தை விட்டவனுக்கு மூக்கு கூர்மையாகிவிடும். வெடுக்கு இம்மி இருந்தாலும் எனக்குத் தெரியும். பாகு கருகத் தொடங்கியதும், எலுமிச்சை கூடியதும், பருப்பு காறியதும் மணத்திலேயே தெரியும். ஆகவே சில நாட்களில் ‘புவோனோ’ சொல்லாமல், இன்றைக்கு இன்னது கூட என்பேன். சிஞ்ஞோரா தன் பாதியை இன்னொரு தடவை மென்று பார்த்து, நான் சொன்னது சரி என்பார். என்னைக் காட்டி, சிவாவின் நாக்கு தன் நாக்கைவிடத் திறம் என்று வாடிக்கையாளர்களிடமும் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள். பையில் போன பாதிகளை ரஜீவன் தின்றான்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்க வந்த காய்ச்சல்தான். கடை பல மாதம் மூடிக் கிடந்தது. திறந்தபோது பழைய வாடிக்கையில் மிஞ்சியது துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டல் மட்டும். வெள்ளிக்கிழமை தோறும் முந்நூறு உருண்டைகள் எடுப்பார்கள். அந்த ஓடர் இருந்தால் கடை இருக்கும், போனால் கடையும் போகும். இதைச் சிஞ்ஞோரா என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது, எந்த ஏணியிலும் இனி ஏற முடியாது.

அந்த மாரிகாலத்தில் சிஞ்ஞோராவையும் காய்ச்சல் பிடித்தது. இரண்டு கிழமை, முழுசாய்ப் பதினாலு நாள், கழித்து வந்தார். அடுப்பில் பால் பொங்கி எரிந்து புகைந்துகொண்டிருக்க, அதற்குப் பக்கத்தில் நின்று நிதானமாக முட்டை எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். அவர் சட்டியைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தினார். மணமும் ருசியும் முற்றாகப் போய்விட்டன என்றார். உப்பும் சீனியும் இப்போது ஒரே மண் என்றார். ஹோட்டலுக்குத் தெரிந்தால் முடிந்தது, எவருக்கும் சொல்லாதே என்றார்.

கடைசியில் சொன்னார்: "இனி உன் நாக்குத்தான், சிவா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் ‘வா பெனே’ என்றேன். ஆகட்டும் என்பது அதன் பொருள்.

அந்தக் கிழமை அவர் களைத்துப்போயிருந்தார். பருப்புத் தேய்க்க நேரம் போதவில்லை. புதுப் பருப்புத்தானே, தோல் இருந்தால் என்ன என்று இருவரும் தீர்மானித்தோம். வெள்ளிக்கிழமை முதல் உருண்டையை வெட்டினார். தன் பாதியைச் சாப்பிடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்குப் போனேன். மணம் நன்றாக இருந்தது, வெடுக்கு இல்லை, கருகல் இல்லை. ‘புவோனோ’ என்றேன். முந்நூறும் போயின. கசப்புக்கு மணம் கிடையாது என்பதைப் பின்னேரம் ரஜீவன் தன் பாதியைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தபோதுதான் அறிந்தேன்.

"இண்டைக்கு ஏன் இப்பிடிக் கைக்குது அப்பா?"

தோலில் சத்து இருக்கிறது, சாப்பிடு என்றேன். சனியும் ஞாயிறும் எனக்கு நித்திரை இல்லை.

திங்கட்கிழமை ஹோட்டலில் இருந்து ஒருவர் நேரில் வந்தார். நல்ல மனிதர். ஒரு பெட்டியை மேசையில் வைத்து, விருந்தாளிகள் பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்துவிட்டார்கள் என்றார். எல்லோருக்கும் பிழை வரும், வருகிற வெள்ளியும் எடுப்போம், அதுவும் இப்படி இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். சிஞ்ஞோரா சத்தம் போடுகிறவர் அல்ல. கோபம் வந்தால் பளிங்குக் கல்லைக் கழுவுவார். அன்று மூன்று தரம் கழுவினார்.

பிறகு, நீ சாப்பிட்டாய்தானே என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த வெள்ளியா என்றார். எந்த வெள்ளியும் இல்லை, எந்தச் செவ்வாயும் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். நேர்த்தியைச் சொன்னேன். முருகன் யார் என்று அவர் கேட்கவில்லை. யாருக்காக என்று மட்டும் கேட்டார். மகனுக்காக என்றேன். அவருடைய ஊரிலும் இது உண்டாம். பிள்ளை பிழைத்தால் கோயிலை முழங்காலில் சுற்றி வருவார்களாம், அவருடைய தாயாரும் சுற்றியிருக்கிறாராம். ஆகவே நேர்த்தியில் அவருக்குக் கோபம் இல்லை.

"கடவுளுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை வருடம் காப்பாற்றினாய்," என்றார். "எனக்குக் கிழமைக்கு இரண்டு தரம் பொய் சொன்னாய்."

வெட்கத்தில் உடம்பு எரிந்தது. நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தது பெரிய வாக்கு, சின்ன வாக்குகளை அதற்குத் தீனியாகப் போட்டிருக்கிறேன். மொரிசியஸ் பெண்களுக்கும் இந்த இடத்தில்தான் பதில் சொன்னேன். படிவத்தில் விரதம் என்று எழுதுங்கள், கேட்கிறவருக்கு முதல் நாளே வாயால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்து நாள் விரதத்தைப் பத்து வருடம் ஒளிக்க வேண்டி வரும் என்றேன்.

அன்று எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேசையில் இருந்த பெட்டியில் ஒன்றை எடுத்தேன். இப்போதிருந்து சாப்பிடுகிறேன், வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாக்கு வேண்டும்தானே என்றேன். ரஜீவன் அந்த நேரம் துறைமுகத்தில், கப்பலுக்குப் பொருள் ஏற்றுகிற வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். முப்பத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ. இருந்தாலும் என் கண்ணில் தெரிந்தது பாலத்தடியில் கை விடுபட்ட ஆறு வயதுப் பிள்ளைதான். உருண்டை வாய்க்குக் கிட்ட வந்தது. சிஞ்ஞோரா எட்டி அதை என் கையிலிருந்து எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

"முதல் தரம் சாப்பிடுகிற வாயை வைத்து நான் என்ன செய்ய?" என்றார்.

வியாபாரத்துக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது. பிறகு, அப்படியானால் இவ்வளவு காலமும் தன் உருண்டைகளை யார் சாப்பிட்டது என்று கேட்டார்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ரஜீவன் துறைமுகத்து மஞ்சள் சட்டையோடே கடைப் பின்னறைக்கு வந்தான். நாங்கள் மூன்று தட்டுகளில் மாதிரி செய்து வைத்திருந்தோம். எதில் என்ன என்று அவனுக்குச் சொல்லவில்லை. முதல் தட்டில் ஒன்றைக் கடித்து, இது போன வெள்ளி கொண்டு வந்ததுதான் என்றான். இரண்டாவதில் தோல் சரி, ஆனால் எலுமிச்சை கூட, ஒரு டிசம்பர் நத்தாருக்கும் இப்படித்தான் இருந்தது என்றான். சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். அந்த நத்தாருக்கு எலுமிச்சை கூடியதும் ஓடரெல்லாம் அவசரத்தில் போனதும் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். மூன்றாவது தட்டில் ஒன்றைச் சாப்பிட்டான், இன்னொன்றை எடுத்தான். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தார், கண்ணைத் துடைத்தார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். எனக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது, ஆனால் அடுப்பில் பாகு இருந்தது.

ரஜீவன் வாய் துடைத்துக்கொண்டு, அப்பா இங்கேயே வேலை செய்கிறார், அவரைச் சாப்பிடச் சொல்லாமல் என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று இத்தாலிய மொழியில் கேட்டான். நான் வாய் திறக்க முதலே சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். நேர்த்தி, யாருக்காக, எத்தனை வருடம் என்று மூன்றே வசனம். போர்த்துக்கல்காரருக்கு இதில் ஒளிக்க ஒன்றும் இல்லைபோலும். அவன் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த மற்றப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, நேரமாச்சு என்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை முந்நூறு உருண்டைகள் போயின. பின்னேரம் ஹோட்டல்காரர் தொலைபேசியில் நன்றி சொன்னார், அடுத்த கிழமைக்கு நானூறு கேட்டார். நான் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது ஒழுங்கை முனையில் ரஜீவன் நின்றான். இருவரும் சந்தைக்குள்ளால் நடந்தோம். மீன் கடைக்காரர்கள் கடைசி மீனைக் கூவிக் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பலகையில் ஊர்ச் சூடை அளவில் சின்ன மீன், செவுள் இன்னும் சிவப்பாக இருந்தது. ரஜீவன் அங்கே நின்றான். அரைக் கிலோ வாங்கிப் பையை என் கையில் தந்தான். பை ஈரமாகவும் குளிராகவும் இருந்தது.

"நான் வந்து சேந்திட்டன் அப்பா," என்றான். "இருவத்தாறு வருசமாச்சு. இனிச் சாப்பிடுங்கோ."

அவன் குரல் உடைந்திருந்தது. என் பிள்ளை எனக்காக அழுவான் என்று நான் நினைத்ததே இல்லை. நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் நிறைந்த நெஞ்சோடு சேர்த்துப் பயமும் இருந்தது, நேர்த்தியை முறித்தால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்று என்னோடு இருபத்தாறு வருடம் குடியிருந்த பயம்.

"நாளைக்கு வேலையோ?" என்று கேட்டேன்.

"ஓம். நாப்போலிக் கப்பலுக்கு ஏத்தவேணும். அஞ்சு மணிக்கு."

"வேலைக்குப் போட்டு வா. வந்தாப்பிறகு பாப்பம்."

மீனை மனைவி பொரித்தாள், அவர்கள் இருவரும் சாப்பிட்டார்கள். காலையில் அவன் போனான், பின்னேரம் வந்தான். மறுநாளும் போனான், மறுநாளும் நான் அதையே சொன்னேன்.